சிறுவரும் மாட்டு ஊர்வலமும்

பொங்கல் பெரியோர்க்கு உழவின் பயனைக் கொண்டாடும் நாள். சிறுவர்க்கோ அது மாட்டின் நாள். தஞ்சைப் பகுதிச் சிற்றூர்களில் மாட்டுப் பொங்கலன்று சிறுவர்கள் மாடுகளைக் குளத்திற்கு ஓட்டிச் சென்று குளிப்பாட்டுவர். கொம்புகளுக்கு வண்ணம் தீட்டுவர். கழுத்தில் சலங்கையும் நெட்டிமாலையும் கட்டுவர். மாலையில் பூசை முடிந்ததும் மாடுகள் தெருவழியே ஊர்வலமாக வரும். "பொங்கலோ பொங்கல்" என்று கூவியவாறு பின்னே ஓடும் சிறுவர்க்கு அது வெறுங்காட்சி அன்று. தாம் அணிசெய்த மாடு முன்னே நடக்கிறது என்னும் பெருமிதம்.

பழம்புலவர் இவ்வுள்ளத்தை நன்கறிந்திருந்தனர். ஆண்பாற் பிள்ளைத்தமிழின் இறுதி மூன்று பருவங்கள் சிற்றில் சிதைத்தல், சிறுபறை முழக்கல், சிறுதேர் உருட்டல் என்பன. மூன்றும் தொழிற்பெயர்களாய் அமைந்திருத்தல் நோக்கத்தக்கது. சிறுவனின் இன்பம் காண்பதினும் செய்வதிலேயே மிகுதி என்பதற்கு இஃது ஒரு சான்று எனலாம்.

சிங்கப்பூரில் நிலைமை வேறு. 1952இல் கோ. சாரங்கபாணி முன்னின்று தொடங்கிய தமிழர் திருநாள், பொங்கலைச் சமய வேறுபாடு கடந்த பொதுவிழாவாக்கியது. ஆயினும், கடல் கடந்து வந்த விழாவுக்கு இந்நகரில் உழவுமாடு இல்லை. லிட்டில் இந்தியாவில் பல ஆண்டுகளாகப் பொங்கற் காலத்தில் மாடுகளைக் கொண்டுவந்து காட்டியுள்ளனர். தோ பாயோவின் அடுக்குமாடி வீட்டிலிருந்து செல்லும் சிறுவன் அவற்றைத் தடுப்புக்கு வெளியே நின்று பார்க்கிறான். விழா அவனுக்கு வேடிக்கையாகிறது.

இக்குறையை நீக்க இடப்பெயர்கள் துணைசெய்யும். தேக்காவில் பஃபலோ சாலையும் உண்டு, கெர்பாவ் சாலையும் உண்டு. மலாய்மொழியில் கெர்பாவ் என்றால் எருமை. கண்டாங் கெர்பாவ் என்றால் எருமைத் தொழுவம். 19ஆம் நூற்றாண்டில் அங்கு மாட்டு வாணிபம் செழித்திருந்தது. தோ பாயோ என்னும் பெயரில் "தோ" என்பது ஹொக்கியன் மொழியில் பெரியது எனப் பொருள்படும். "பாயோ" என்பது சதுப்பு நிலத்தைக் குறிக்கும் "பாயா" என்ற மலாய்ச் சொல்லின் திரிபு. 1960களில் அடுக்குமாடிகள் எழுமுன் அங்கே காய்கறித் தோட்டங்கள் இருந்தன. தான் வாழும் மண்ணும் ஒருகால் விளைநிலமே என்று அறியும் மாணவனுக்குப் பொங்கல் அயலூர்க் கதையாகத் தோன்றாது.

எனவே ஆசிரியர்கள் பொங்கற் பாடத்தைப் படம் காட்டுவதோடு நிறுத்தலாகாது. மாணவர் களிமண்ணால் மாடு செய்யட்டும். கொம்புக்கு வண்ணம் தீட்டட்டும். சிறுபறை கொட்டிப் பள்ளியைச் சுற்றி ஊர்வலம் வரட்டும். கை படாத விழா நெஞ்சில் நில்லாது.