சம்பளம் கூடுகிறது, தூரமும் கூடுகிறது: புது வேலையை ஏற்கலாமா?

செங்கல்பட்டில் குடியிருப்பவருக்கு நுங்கம்பாக்கத்தில் வேலை கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இப்போது மறைமலைநகரில் வாங்குவது இருபதாயிரம். புது இடத்தில் இருபத்தொன்பதாயிரம். வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். "ஊரே எலக்ட்ரிக் ட்ரெயினில் போய்வருது, உனக்கு மட்டும் என்ன?" என்று சொந்தக்காரர்கள் தைரியம் சொல்வார்கள். போய்வர முடியும் என்பதில் சந்தேகமில்லை. சென்னைக்கு வெளியே அரக்கோணம், கும்மிடிப்பூண்டி, செங்கல்பட்டு என மூன்று திசையிலிருந்தும் தினமும் வருகிறார்கள். அப்படி வருஷக்கணக்காகப் போய்வந்தால் உடம்பு என்னவாகும் என்பதை மட்டும் ஆஃபர் லெட்டர் வந்த மகிழ்ச்சியில் யாரும் கேட்பதில்லை. கையெழுத்துப் போடுவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி அது.

வாசலிலிருந்து வாசல் வரை

"ட்ரெயின்ல ஒன்றரை மணி நேரம்தான்" என்று சொல்லும்போதே கணக்கில் பாதி விடுபட்டுப்போகிறது. வீட்டைப் பூட்டிவிட்டு வண்டியை எடுத்து ஸ்டேஷன் போய், ஸ்டாண்டில் டோக்கன் வாங்கி, படியேறி இறங்கி, கூட்டம் அதிகமென்று ஒரு வண்டியை விட்டு அடுத்ததில் ஏறி, நுங்கம்பாக்கத்தில் இறங்கி ஆபீஸ் வரை நடந்து முடிக்கும்போது இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும். போக இரண்டு, வர இரண்டு. வேலை நாளின் எட்டு மணி நேரத்தோடு இன்னொரு அரை நாள் வேலை சேர்கிறது. இந்த அரை நாளுக்குச் சம்பளம் கிடையாது.

மேப்பில் காட்டும் நேரத்தை நம்ப வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை மதியம் பார்த்த நேரத்தை நம்பவே கூடாது. சாலை வழியாகப் போவதென்றால், ஜி.எஸ்.டி. ரோட்டில் திங்கட்கிழமை காலை எட்டரை மணிக்கும் வெள்ளிக்கிழமை மாலை ஏழு மணிக்கும் ஆகும் நேரம்தான் உங்களுக்கு உரிய நேரம்.

முதலில் குறைவது தூக்கம்

நாளுக்கு இருபத்து நான்கு மணி நேரம்தான். மறைமலைநகர் போய்வர ஆன நேரத்தைக் கழித்த பிறகும் புதிதாகச் சேரும் மூன்று மணி நேரத்தை எங்கிருந்தாவது எடுத்தாக வேண்டும். ஆபீஸ் நேரத்தில் கை வைக்க முடியாது, சமையலில் ஓரளவுதான் குறைக்க முடியும். ஆகவே தூக்கத்தில்தான் கை வைப்போம்.

ஒன்பதரைக்கு ஆபீஸ் என்றால் ஏழே காலுக்குக் கிளம்ப வேண்டும். டிபன், மதியச் சாப்பாடு, பிள்ளையின் டப்பா எல்லாம் முடிய ஐந்தே காலுக்கு எழ வேண்டும். மாலை ஆறரைக்குக் கிளம்பினால் வீடு சேர எட்டே முக்காலாகும். குளித்துச் சாப்பிட்டு, பாத்திரம் கழுவி, பிள்ளையின் நோட்டைப் பார்த்துவிட்டுப் படுக்கப் பதினொன்று. கிடைத்த தூக்கம் ஆறே கால் மணி நேரம், அதுவும் படுத்தவுடன் தூங்கிவிட்டால். வயதுவந்தவர்களுக்கு ஏழு மணி நேரமாவது தூக்கம் வேண்டும் என்பது தூக்க மருத்துவ வல்லுநர்களின் பரிந்துரை. தொடர்ந்து அதைவிடக் குறைவாகத் தூங்குபவர்களிடம் உடல் பருமன், சர்க்கரை நோய், ரத்த அழுத்தம், மாரடைப்பு, மனச்சோர்வு ஆகியவை அதிகம் காணப்படுகின்றன. ஞாயிற்றுக்கிழமை பத்து மணி வரை தூங்கி இதை முழுதாக ஈடுகட்டிவிட முடியாது.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கண்-கை ஒருங்கிணைப்பு, ரத்தத்தில் 100 மில்லிக்கு 50 மில்லிகிராம் ஆல்கஹால் இருப்பவரின் அளவுக்குத் தடுமாறுகிறது என்று 1997இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் சோதித்துக் காட்டினார்கள். நம் நாட்டில் வண்டி ஓட்டுபவருக்குச் சட்டம் அனுமதிக்கும் வரம்பு 30 மில்லிகிராம். காலை ஐந்தே காலுக்கு எழுந்தவருக்கு இரவு பத்தே காலோடு 17 மணி நேரம் ஆகிவிடுகிறது. மாசக் கடைசியில் ஆபீஸில் நேரமாகி, கடைசி லோக்கலில் வந்திறங்கி, ஸ்டாண்டிலிருந்து ஸ்கூட்டரை எடுத்து இருட்டில் வீடு போகிறவர் அந்த நிலையில்தான் ஓட்டுகிறார்.

இடுப்பளவும் ரத்த அழுத்தமும்

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் 4,297 பேரிடம் நடத்தி 2012இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. வீட்டுக்கும் வேலைக்கும் உள்ள தூரம் கூடக்கூட அவர்களின் இடுப்பளவும் ரத்த அழுத்தமும் கூடியிருந்தன, உடல் திறன் குறைந்திருந்தது. ஒரு வழித் தூரம் 16 கிலோமீட்டரைத் தாண்டியவர்களிடம் உயர் ரத்த அழுத்தம் அதிகம். 24 கிலோமீட்டரைத் தாண்டியவர்களிடம் உடற்பயிற்சி குறைவு, பருமன் அதிகம். தூரம்தான் காரணம் என்று இந்த ஆய்வை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது. ஆனாலும் வழி எளிதில் புரிகிறது. உட்கார்ந்து போய், உட்கார்ந்து வேலை செய்து, உட்கார்ந்து திரும்புகிறவர் நடப்பது எப்போது?

அந்த ஊரில் பெரும்பாலோர் காரில் போகிறவர்கள். ரயிலிலும் பஸ்ஸிலும் போகிறவர்களுக்கு இங்கே கொஞ்சம் ஆறுதல் உண்டு. பிரிட்டனில் நடுவயதுக்காரர்கள் ஒன்றரை லட்சத்துக்கும் அதிகமானோரின் தகவல்களைப் பார்த்த 2016ஆம் ஆண்டு ஆய்வில், காரில் போகிறவர்களைவிடப் பொதுப் போக்குவரத்தில் போகிறவர்களின் எடை குறைவாக இருந்தது. ஸ்டேஷனுக்கு நடப்பதும் படியேறுவதும் உடம்பின் கணக்கில் சேர்கின்றன.

நம் நாட்டில் இருபது வயதைத் தாண்டியவர்களில் 35.5 சதவீதம் பேருக்கு உயர் ரத்த அழுத்தம் இருப்பதாக 2023இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். - இண்டியாப் ஆய்வு சொல்கிறது. பலருக்கு அது இருப்பதே தெரியாது. அதனால்தான் புது வேலையில் சேரும் முன்பே பி.பி.யும் சுகரும் பார்த்து எழுதி வைக்கச் சொல்கிறேன். ஆறு மாதம் கழித்து மறுபடி பார்த்தால் பயணம் உங்களுக்கு ஒத்துக்கொள்கிறதா என்பதை அந்த எண்களே காட்டிவிடும்.

சாப்பாட்டு நேரத்தையும் கவனியுங்கள். ஒன்பதரைக்கு மேல் வயிறு நிறையச் சாப்பிட்டுப் பதினொன்றுக்குள் படுத்தால் நெஞ்செரிச்சல் வரலாம். மாலையில் பசி தாங்காமல் ஸ்டேஷன் வாசலில் போண்டாவும் டீயும் சாப்பிட்டு, வீட்டுக்கு வந்து முழுச் சாப்பாடும் சாப்பிடும் பழக்கம்தான் பலருக்கு எடையை ஏற்றுகிறது.

குறையாமல் வீடு திரும்பும் தண்ணீர் பாட்டில்

பெண்கள் பெட்டியில் காலையில் ஏறிப் பாருங்கள். பலர் கையில் தண்ணீர் பாட்டில் இருக்கும். தாம்பரம் தாண்டி, கிண்டி தாண்டியும் தண்ணீர் குறைந்திருக்காது. பையில் இருக்கும் இட்லி டப்பாவைத் திறந்து நான்கு வாயில் முடித்துவிட்டு, தண்ணீரை உதடு நனையும் அளவுக்கு மட்டும் குடித்து மூடி வைப்பார்கள். காரணம் அவர்களுக்கும் தெரியும், நமக்கும் தெரியும். எலக்ட்ரிக் ட்ரெயினில் கழிப்பறை கிடையாது. ஸ்டேஷனில் இருப்பதை நம்பிப் போக முடியாது. காலை ஏழு மணியிலிருந்து ஆபீஸ் சேரும் வரை அடக்கிக்கொள்ள வேண்டும், மாலையிலும் அதே.

தண்ணீர் குறைத்து, சிறுநீரையும் அடக்கினால் சிறுநீர்த்தொற்று அடிக்கடி வரலாம். சென்னை வெயிலில் சிறுநீரகக் கல்லுக்கும் இது வழி செய்யும். மாதவிடாய் நாட்களில் நாப்கின் மாற்ற இடமில்லாமல் மணிக்கணக்கில் இருக்க வேண்டியிருக்கிறது. கர்ப்பிணிக்கு நெரிசலில் நின்றபடி வருவது இன்னும் கஷ்டம். வேலை நல்லதா, சம்பளம் நல்லதா என்று விசாரிக்கும்போது வழியில் கழிப்பறை எங்கே இருக்கிறது என்றும் விசாரிக்க வேண்டும். இதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

எதில் போகப்போகிறீர்கள்?

ஒரே தூரத்தை எதில் கடக்கிறோம் என்பதைப் பொறுத்து பாதிப்பு மாறுகிறது. உட்கார இடம் கிடைக்கும் ரயில் இருப்பதில் மேல். நெரிசலில் தொங்கிக்கொண்டு போவதென்றால் அந்த மேன்மை போய்விடும். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளுக்குக் காஞ்சிபுரம், வாலாஜாபாத், அரக்கோணம் பக்கங்களிலிருந்து கம்பெனி பஸ்ஸில் போகிறவர்கள் பாதித் தூரம் தூங்கிவிடுகிறார்கள். நல்லதுதான். ஆனால் ஷிப்ட் மாறிக்கொண்டே இருந்தால் அந்தத் தூக்கம் போதாது.

நான் திட்டமாக வேண்டாம் என்று சொல்வது தினமும் நீண்ட தூரம் பைக்கில் போவதை. முதுகுவலியும் புகையும் ஒரு பக்கம் இருக்கட்டும். 2022இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள், அவர்களில் ஏறத்தாழ 44 சதவீதம் பேர் இருசக்கர வண்டியில் போனவர்கள். நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு நடுவே, களைப்போடு, வாரம் ஆறு நாள் போவதற்குத் தகுந்த சம்பளம் எதுவும் கிடையாது.

இதோடு சேர்ந்த விஷயம் ஒன்று. இ.எஸ்.ஐ. உள்ளவர் வேலைக்குப் போகும்போதோ திரும்பும்போதோ விபத்தில் சிக்கினால், வேலையோடு அதற்குள்ள தொடர்பு நிறுவப்படும் பட்சத்தில், அது வேலையில் நேர்ந்த காயமாகவே கருதப்படும். இதை 2010இல் சட்டத்தைத் திருத்திச் சேர்த்தார்கள். இ.எஸ்.ஐ.க்கான சம்பள வரம்பு 2017இல் 21,000 ரூபாய் ஆக்கப்பட்டது. புதுச் சம்பளம் வரம்பைத் தாண்டினால் இந்தப் பாதுகாப்பும் குடும்பத்துக்கான மருத்துவ வசதியும் போகக்கூடும். புதுக் கம்பெனியில் அதற்கு ஈடாக என்ன இன்சூரன்ஸ் இருக்கிறது என்று எச்.ஆரிடம் கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

ஒன்பதாயிரம் ஒன்பதாயிரமல்ல

உயர்வு ஒன்பதாயிரம். சீசன் டிக்கெட் சில நூறு ரூபாய்தான், அது பெரிய செலவில்லை. வண்டி ஸ்டாண்ட், ஷேர் ஆட்டோ, வழியில் டீ, டிபன், நேரமானால் ஆட்டோ, பிள்ளையைப் பள்ளியிலிருந்து அழைத்துவந்து பார்த்துக்கொள்ள ஆள் என்று மாதம் இரண்டாயிரத்து ஐந்நூறு என்று வைத்தால் மிஞ்சுவது ஆறாயிரத்து ஐந்நூறு. நாளுக்கு மூன்று மணி நேரம் கூடுதல், இருபத்தைந்து நாளுக்கு 75 மணி நேரம். வகுத்தால் மணிக்கு 87 ரூபாய். பழைய வேலையில் இருபதாயிரத்தை 200 மணி நேரத்துக்கு வகுத்தால் மணிக்கு 100 ரூபாய். கூடுதலாகக் கொடுக்கும் ஒவ்வொரு மணி நேரத்தையும் இப்போது வாங்குவதைவிடக் குறைந்த கூலிக்குக் கொடுக்கிறீர்கள்.

உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள். விடை வேறு மாதிரியும் வரலாம். சம்பளம் இரட்டிப்பாகிறது, கடன் அடைகிறது, இரண்டு வருஷ அனுபவம் கிடைத்தால் பக்கத்திலேயே நல்ல வேலை கிடைக்கும் என்றால் தாங்கிக்கொள்ளலாம். அந்தத் தாங்குதலுக்கு முடிவுத் தேதி இருக்க வேண்டும்.

ஜெர்மானியக் குடும்பங்களின் பல ஆண்டுத் தகவல்களை ஆராய்ந்த பொருளாதார அறிஞர்கள் ஸ்டட்சரும் ஃப்ரேயும், பயண நேரம் கூடியவர்களின் வாழ்க்கை நிறைவு குறைந்திருந்ததையும், அதிகச் சம்பளமோ வசதியான வீடோ அதை முழுதாக ஈடுகட்டவில்லை என்பதையும் 2008இல் எழுதினார்கள். ஸ்வீடனில், ஒரு வழிக்கு முக்கால் மணி நேரத்துக்கு மேல் பயணம் செய்யும் தம்பதிகளிடையே பிரிவு 40 சதவீதம் அதிகம் என்று உமேயோ பல்கலைக்கழக ஆய்வு சொன்னது. நம் குடும்பங்கள் வேறு மாதிரிதான். ஆனால் பிள்ளை தூங்கிய பிறகு வரும் அப்பா, களைப்பில் எரிந்து விழும் அம்மா நம் வீடுகளிலும் உண்டு.

யார் ஒருமுறைக்கு இருமுறை யோசிக்க வேண்டும்?

இன்சுலின் போடும் சர்க்கரை நோயாளிகள் முதலில். ட்ரெயின் நடுவழியில் நின்று சாப்பாடு தள்ளிப்போனால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரலாம். கட்டுப்படாத பி.பி., இதய நோய், டிஸ்க் பிரச்சினை, வலிப்பு, ஆஸ்துமா உள்ளவர்களும் தங்கள் டாக்டரிடம் கேட்டு முடிவெடுக்க வேண்டும். பலமாகக் குறட்டை விட்டு, பகலில் தூங்கி விழுகிறவர் தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் கோளாறு இருக்கிறதா என்று பார்க்காமல் தூரத்து வேலைக்கு வண்டி ஓட்டக் கூடாது.

சரி என்று சொல்வதற்கு முன்

இரண்டு நாள் லீவு போடுங்கள். முடிந்தால் திங்கட்கிழமையும் ஒரு மழை நாளும். ஆபீஸுக்குப் போவது போலவே எழுந்து, சமைத்து, கிளம்பி, புது ஆபீஸ் வாசல் வரை போங்கள். மாலை ஆபீஸ் விடும் நேரத்தில் அங்கிருந்து திரும்புங்கள். இன்னொரு நாளும் அதே. இரண்டாம் நாள் இரவு உங்களுக்கு எப்படி இருக்கிறது என்பதைவிட நல்ல ஆலோசனையை யாரும் தர முடியாது.

கம்பெனியிடம் பேசும்போது சம்பளத்தோடு நின்றுவிடாதீர்கள். வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை செய்யலாமா, எட்டரைக்கு வந்து ஐந்தரைக்குக் கிளம்பலாமா என்று கேளுங்கள். கூட்டத்துக்கு முந்திய வண்டியில் உட்கார்ந்து போவதே பாதிச் சுமையைக் குறைத்துவிடும். ஆஃபர் கையில் இருக்கும்போது கேட்பது எளிது, சேர்ந்த பிறகு கேட்பது கஷ்டம். வீட்டை மாற்றலாம் என்ற யோசனை இருந்தால் வாடகை, பள்ளி எல்லாவற்றையும் இப்போதே விசாரியுங்கள். "சேர்ந்துட்டு அப்புறம் பார்க்கலாம்" என்று விட்டவர்கள் பல வருஷம் அதே வண்டியில் போகிறார்கள்.

சேர்ந்துவிட்டால் இரண்டு மூன்று காரியங்களை விடாமல் செய்யுங்கள். படுக்கும் நேரத்தை ஒரு மணி நேரம் முன்னால் கொண்டுவாருங்கள். ரயிலில் உட்கார இடம் கிடைத்தால் போனை உள்ளே வைத்துவிட்டுக் கண்ணை மூடுங்கள். மாலையில் சுண்டல், பழம், வேர்க்கடலை ஏதாவது கையில் இருக்கட்டும். இரவுச் சாப்பாட்டை வீட்டு வேலைகளுக்கு முன்பே, அளவாக முடித்துவிடுங்கள். ஸ்டேஷனுக்கு ஒரு வேளையாவது நடந்தால் வாரத்துக்கு 150 நிமிட உடற்பயிற்சி என்ற உலக சுகாதார நிறுவனத்தின் அளவில் பெரும்பகுதி வழியிலேயே முடிந்துவிடும்.

என் கருத்தைக் கேட்டால்: ஒரு வழிக்கு வாசலிலிருந்து வாசல் வரை ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டி, வாரம் ஆறு நாளும் போக வேண்டியிருந்து, தூக்கமும் ஆறரை மணி நேரத்துக்குக் கீழே போகிறதென்றால், வீட்டை மாற்றும் திட்டமோ முடிவுத் தேதியோ இல்லாமல் அந்த வேலையை ஏற்காதீர்கள். மற்றபடி முடிவு உங்களுடையது. பதில் சொல்ல ஒரு வாரம் அவகாசம் கேளுங்கள். அந்த வாரத்துக்குள் அந்த இரண்டு நாள் பயணத்தையும், பி.பி., சுகர் பரிசோதனையையும் முடித்துவிடுங்கள்.