அவளுக்கு ஏன் பெயர் இல்லை?

குடவாசல் ஸ்தலபுராணம் கேட்டிருக்கிறீர்களா? பிரளயத்தில் மிதந்து வந்த அமுதக் குடம் உடைந்தபோது, அதன் வாய் விழுந்த இடம் இது என்பார்கள். கதை சொல்லும் பாட்டி அடுத்த மூச்சிலேயே, "உலையில் அரிசி போட்டாயாடி?" என்று கேட்பாள். நம் பக்கத்தில் அதிசயத்துக்கும் அடுப்பங்கரைக்கும் அவ்வளவு நெருக்கம்!

இந்தக் குடவாசல் பக்கத்துச் செம்மங்குடியில்தான் 1907-ல் மௌனி பிறந்தார். (செம்மங்குடி என்றதும் சங்கீத வித்வான் சீனிவாசய்யர் ஞாபகம் வந்திருக்குமே! அவர் வேறு, இவர் வேறு. ஆனால் இவருக்கும் சங்கீதப் பித்து உண்டு.) 1936-ல் 'மணிக்கொடி'யில் எழுதத் தொடங்கி, 1985-ல் காலமான இவர் வாழ்நாளில் எழுதியவை சுமார் 24 கதைகள்தாம். 'சிறுகதையின் திருமூலர்' என்று இவரை அழைத்தவர் புதுமைப்பித்தன்.

"நடை அழகுதான். ஆனால் மனசு ஒட்டவில்லையே!" என்று படித்தவர்களில் பலர் குறைப்படுவதுண்டு. ஒட்டாதுதான். 'மோகமுள்' யமுனா அடுத்த வீட்டுப் பெண் மாதிரி நம்மோடு பழகுகிறாள். மௌனியின் கதைகளிலோ பெரும்பாலும் 'அவன்', 'அவள்'. என்ன உத்தியோகம், யார் வீட்டுப் பெண் என்ற விவரமெல்லாம் அபூர்வம்.

'அழியாச்சுடர்' கதையில் கோயிலில் ஒரு பெண்ணைப் பார்த்து மயங்கியவன், அவளுக்கு மட்டும் கேட்கும்படி ஏதோ வாக்குக் கொடுக்கிறான். உடனே தூணிலுள்ள கல் யாளி எழுந்து நின்று பயமுறுத்துவதுபோல் தோன்றுகிறது. நமக்கும் உடம்பு சிலிர்க்கிறது. அவனைப் பற்றி நமக்கு அதிகம் தெரியாததால்தான் கண் நேரே யாளி மேல் போகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. அங்கே தூரம் கதைக்கு நல்லதே செய்கிறது.

அதிசயம் வந்தாலே தூரமும் வந்துவிடும் என்பதில்லை. கொலம்பியா நாட்டு மார்க்வெஸ் 1967-ல் வெளியிட்ட 'தனிமையின் நூறு ஆண்டுகள்' நாவலில், ஓர் அழகி துணி விரிப்புகளோடு ஆகாயத்தில் பறந்து மறைகிறாள். வீட்டு எஜமானிக்கோ, போன விரிப்புகளைப் பற்றித்தான் கவலை! திருப்பி அனுப்பும்படி கடவுளை வேண்டிக்கொள்கிறாள். அந்த அம்மாளை உங்களுக்குத் தெரியாதா, என்ன?

மௌனியிடம் என் மனத்தாங்கல் 'பிரபஞ்ச கானம்' பற்றித்தான். பாடினால் உயிருக்கு ஆபத்து என்று வைத்தியர் தடுத்த பெண். அவள் பாடாததால் பிரபஞ்சத்தின் சங்கீதமே அவளுக்குள் அடைபட்டுக் கிடப்பதாக அவனுக்கு எண்ணம். கடைசியில் அவள் பாடுகிறாள். பாட்டோடு உயிரும் போகிறது. இயற்கை தன் கானத்தைத் திரும்பப் பெறுகிறது. அவன் எண்ணியதெல்லாம் நமக்குத் தெரியும். வாயைத் திறந்த அந்த நிமிஷத்தில் அவளுக்குப் பயமாக இருந்ததா, அல்லது இத்தனை நாள் அடக்கி வைத்ததை விட்டதில் சந்தோஷமாக இருந்ததா?

அதை மட்டும் மௌனி சொல்லவில்லை. நீங்கள் படித்துவிட்டுச் சொல்லுங்களேன்.