மஞ்சள் அட்டைப் பத்திரிகை

பாரிஸ் நகரத்து ஷான்ஸ் எலிஸே வீதியிலிருந்து 1951-ஆம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் வெளிவரத் தொடங்கிய 'காயே து சினிமா' என்னும் மாதப் பத்திரிகையின் பெயருக்குச் 'சினிமாக் குறிப்பேடுகள்' என்பதற்கு மேல் ஆடம்பரமான அர்த்தம் ஏதுமில்லை. மஞ்சள் அட்டையும், அதிலே பதித்த கறுப்பு வெள்ளைப் புகைப்படம் ஒன்றுமே அதன் அலங்காரம்.

மூவர் கூடித் தொடங்கிய அப்பத்திரிகைக்கு ஆத்மாவாக விளங்கியவர் ஆந்த்ரே பஸான். உபாத்தியாயராக விரும்பிப் படித்தும், திக்குவாய் காரணமாக வகுப்பறை வாய்க்காமற்போன அம்மனிதர், ராணுவத்தை விட்டு ஓடிச் சிறைப்பட்டிருந்த ஃப்ரான்ஸ்வா த்ரூஃபோ என்ற முரட்டு வாலிபனை மீட்டு, தம் வீட்டிலேயே வைத்து ஆதரித்தார்.

அந்த வாலிபன் 1954 ஜனவரியில், 31-ஆம் இதழில் எழுதிய கட்டுரை பெருங்கலகத்தை விளைத்தது. பெயர்பெற்ற நாவல்களை வசனகர்த்தாக்கள் பதவிசாகத் திரைக்கதையாக்கித் தர, அதை அப்படியே பிடித்துக் கொடுக்கும் அக்காலத்துத் 'தரமான' பிரெஞ்சுப் படங்களை அவன் ஈவிரக்கமின்றித் தாக்கினான். பாட்டுக்குக் கவி எப்படியோ அப்படியே படத்துக்கு டைரக்டர் என்ற கட்சி அதிலிருந்து வளர்ந்தது. வெறும் பொழுதுபோக்குக்காரர்கள் என்று பலர் ஒதுக்கிய ஹிட்ச்காக்கையும் ஹாவர்ட் ஹாக்ஸையும் அவனும் அவனோடு அப்பத்திரிகையில் எழுதிய வாலிபர் கூட்டமும் மகா கலைஞர்களாகக் கொண்டாடியபோது, பஸானுக்கு அதில் பூரண சம்மதமில்லை. தம் ஆட்சேபத்தை அதே பத்திரிகையில் எழுதினாரேயன்றி, அவர்கள் கைப்பேனாவைப் பிடுங்கவில்லை. பத்திராதிபர் என்ற பதவிக்கு இதைவிட நல்ல லக்ஷணம் எனக்குத் தோன்றவில்லை.

இதழிலே 'பதின்மர் சபை' என்றொரு பட்டியலும் உண்டு. பத்துப் பேர் புதுப்படங்களுக்கு மதிப்பிடுவார்கள்: நான்கு நட்சத்திரமென்றால் அமர சிருஷ்டி, ஒரே ஒரு கறும்புள்ளியென்றால், வீட்டை விட்டுக் கிளம்பவே வேண்டாம்!

இப்படிப் பிறருக்குப் புள்ளி வைத்தவர்களே பின்னர் காமிராவைக் கையிலெடுத்தார்கள். கடுமையான எழுத்தின் பொருட்டு 1958-இல் கான் திரைப்பட விழாவில் அனுமதி மறுக்கப்பட்ட த்ரூஃபோ, மறுவருஷம் அதே விழாவில் '400 அடிகள்' படத்துக்காகச் சிறந்த டைரக்டர் பரிசைப் பெற்றார். அதைப் பார்க்கப் பஸான் இல்லை. படப்பிடிப்புத் தொடங்கிய தறுவாயிலேயே, 40-ஆம் வயதில், ரத்தப் புற்றுநோய் அவரைக் கொண்டுபோய்விட்டது. படம் அவருக்கே சமர்ப்பணம். கொதார், ரிவெத், ரொமேர், ஷப்ரோல் என்று அந்தக் கூட்டத்தார் ஒவ்வொருவராகப் பேரெடுத்தார்கள். 'புதிய அலை' என உலகம் சொல்வது பெரும்பாலும் இவர்கள் கைவண்ணமே.

1964-இல் பத்திரிகை கைமாற, பழைய மஞ்சள் அட்டை மறைந்தது. 1968-க்குப் பின் மாவோவின் சித்தாந்தம் தலைக்கேறி, சினிமாப் பத்திரிகையில் புகைப்படமே இல்லாத விசித்திரமும் சிலகாலம் நடந்தது. பின்னும் பல கைகள் மாறி, 2020-இல் வந்த புதிய சொந்தக்காரர்களுள் படத்தயாரிப்பாளர்களும் இருக்கவே, தங்கள் முதலாளியின் படத்தையே தாங்கள் எப்படி விமர்சிப்பது என்று கேட்டு ஆசிரியர் குழுவினர் அனைவரும் விலகிக்கொண்டார்கள். பத்திரிகை வேறு கைகளால் தொடர்ந்து வருகிறது.