கஞ்சா: மருந்தா? போதையா?

(வானொலி மறையுரை)



நீதிமொழிகள் நூலின் கடைசி அதிகாரத்தில் ஒரு தாய் தன் மகனுக்கு அறிவுரை சொல்கிறார். மகன் இலமுவேல் ஓர் அரசர். மது அரசருக்குத் தகாது, குடித்தால் சட்டத்தை மறந்துவிடுவாய், எளியவரின் வழக்கைப் புரட்டிவிடுவாய் என்று எச்சரிக்கிறார். உடனே அடுத்த வரியில், சாகும் தறுவாயில் கிடப்பவருக்கும் மனம் கசந்து தவிப்பவருக்கும் மதுவைக் கொடு, அவர்கள் தங்கள் துன்பத்தை மறக்கட்டும் என்கிறார் (நீமொ 31:4-7). பானம் ஒன்றுதான். பொறுப்பைச் சுமக்க வேண்டிய உடல்நலமுள்ள மகனுக்கு அதை விலக்குகிறார். வேதனைப்படுகிறவருக்குக் கொடுக்கச் சொல்கிறார். யாருக்கு, எதற்காக என்று பார்த்துப் பேசுகிற தாய் இவர்.

இன்று உலகின் பல நாடுகளில் கஞ்சாவைப் பற்றி நடக்கும் விவாதத்துக்கு இந்தத் தாயின் பொறுமை தேவைப்படுகிறது. தென்னமெரிக்காவின் உருகுவே நாடு 2013-ஆம் ஆண்டில் கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கியது. இப்படிச் செய்த முதல் நாடு அதுவே. அமெரிக்காவில் கொலராடோ, வாஷிங்டன் மாநில மக்கள் 2012-இல் வாக்களித்து அனுமதித்தார்கள். கனடாவில் 2018 அக்டோபர் 17 முதல் அது சட்டபூர்வமானது. ஜெர்மனியில் 2024 ஏப்ரலில், வயது வந்தோர் குறிப்பிட்ட அளவு வைத்திருக்கலாம் என்ற சட்டம் நடைமுறைக்கு வந்தது. நம் ஊரிலிருந்து டொரோண்டோவுக்குப் பிள்ளைகளைப் பார்க்கப் போகிறவர்கள், அங்கே உரிமம் பெற்ற கடைகளில் கஞ்சா விற்கப்படுவதைப் பார்த்துத் திகைக்கிறார்கள். இங்கே நம் இளைஞர்கள், “அது மூலிகைதானே? மருந்தாகக் கொடுக்கிறார்களே? பெரிய நாடுகளே அனுமதித்துவிட்டனவே?” என்று கேட்கிறார்கள். ‘வாயை மூடு’ என்று அதட்டி அவர்களை அனுப்பிவிடக் கூடாது. கேள்விக்குப் பதில் தெரிந்துவைத்திருப்பது நம் கடமை.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். இங்கே இரண்டு கேள்விகள் ஒன்றாக முடிச்சுப் போடப்பட்டிருக்கின்றன. நோயாளிக்குக் கஞ்சாவிலிருந்து எடுத்த மருந்தைக் கொடுக்கலாமா என்பது ஒரு கேள்வி. உடல்நலத்தோடு இருப்பவர் மகிழ்ச்சிக்காகப் பயன்படுத்தக் கஞ்சாவைக் கடையில் விற்கலாமா என்பது மற்றொரு கேள்வி. முடிச்சை அவிழ்த்து, ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கஞ்சாச் செடியில் நூற்றுக்கும் மேற்பட்ட சிறப்பு வேதிப்பொருள்கள் உள்ளன. அவற்றில் இரண்டு முக்கியமானவை. ஒன்று டி.எச்.சி.; போதை தருவது இதுதான். 1964-இல் இஸ்ரயேல் நாட்டு அறிவியலாளர் ரஃபேல் மெக்கூலமும் அவருடைய தோழரும் இதைத் தனியே பிரித்தெடுத்தார்கள். மற்றொன்று சி.பி.டி.; இது போதை தருவதில்லை. நம் மூளையும் தன் பங்குக்கு டி.எச்.சி. போலவே செயல்படும் ஒரு பொருளைச் சிறிதளவு சுரக்கிறது என்று 1992-இல் கண்டுபிடித்தார்கள். அதற்கு ‘ஆனந்தம்’ என்ற வடசொல்லை வைத்தே ‘ஆனந்தமைடு’ என்று பெயரிட்டார்கள். வலி, பசி, நினைவு, மனநிலை ஆகியவற்றை ஒழுங்குபடுத்துவதில் அதற்குப் பங்குண்டு. கஞ்சா உடலில் இவ்வளவு பலவிதமாக வேலை செய்வதற்கும், அளவு மீறும்போது இவ்வளவு பலவிதமாகக் கெடுப்பதற்கும் காரணம் இதுவே.

இந்த மருத்துவக் கேள்விக்கு நம் நாட்டோடு பழைய தொடர்பு உண்டு. சித்த, ஆயுர்வேத மருந்து நூல்களில் கஞ்சாவுக்கு இடம் உண்டு. 1839-இல் கொல்கத்தாவில் பணியாற்றிய ஓஷாக்னெசி என்ற அயர்லாந்து மருத்துவர், வலிப்பு, இசிவு நோய், மூட்டுவலி ஆகியவற்றுக்கு அதைக் கொடுத்துப் பார்த்து எழுதினார். அவர் வழியாகவே அது ஐரோப்பிய மருத்துவத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

இன்றைய மருத்துவம் என்ன சொல்கிறது? 2017-இல் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகங்கள் அதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் திரட்டி ஆராய்ந்தன. புற்றுநோய்க்குக் கீமோதெரபி எடுப்பவர்களின் வாந்தி, பெரியவர்களின் நாள்பட்ட வலி, மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ் என்னும் நரம்பு நோயில் வரும் தசை இறுக்கம் ஆகியவற்றுக்குப் பயன் இருப்பதற்கு வலுவான சான்று உண்டு என்று கண்டன. பிற நோய்கள் பலவற்றுக்குச் சான்று போதாது என்றும் அவை சொல்லத் தவறவில்லை. 2018 ஜூனில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, தூய சி.பி.டி.யால் ஆன எபிடியோலெக்ஸ் என்னும் மருந்துக்கு ஒப்புதல் தந்தது. சிறு குழந்தைகளை வாட்டும் இரண்டு கொடிய வலிப்பு நோய்களுக்கான மருந்து அது. ஒரே நாளில் பலமுறை வலிப்பு வந்து துடிக்கும் பிள்ளையை மடியில் வைத்திருக்கும் தாய்க்கு, வலிப்பின் எண்ணிக்கை பாதியாகக் குறைந்தாலும் அது எவ்வளவு பெரிய ஆறுதல்! அந்தத் தாயிடம் போய், ‘அந்தச் செடி பாவச் செடி’ என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை. ஆண்டவரே மருந்துகளை மண்ணிலிருந்து உண்டாக்கினார், அறிவுள்ளவர் அவற்றைப் புறக்கணிக்க மாட்டார் என்கிறது சீராக்கின் ஞானம் (சீஞா 38:4).

துன்பத்தைத் தாங்கிக்கொள்வதுதானே கிறிஸ்தவ வாழ்வு என்று சிலர் நினைக்கலாம். கல்வாரியில் வெள்ளைப்போளம் கலந்த திராட்சை இரசத்தை இயேசு ஏற்கவில்லை (மாற் 15:23) என்பது உண்மை. ஆனால் அதை எல்லா நோயாளிகளுக்கும் சட்டமாக்கத் திருஅவை ஒருபோதும் முனைந்ததில்லை. 1957 பிப்ரவரியில் மயக்கமருந்து மருத்துவர்கள் கேட்ட கேள்விகளுக்குப் பதிலளித்த திருத்தந்தை 12-ஆம் பயஸ், தாங்கமுடியாத வலியைத் தணிக்கப் போதைத்தன்மையுள்ள மருந்துகளையும் மருத்துவ முறைப்படி கொடுக்கலாம் என்று தெளிவுபடுத்தினார். கத்தோலிக்கத் திருஅவையின் மறைக்கல்வி நூலும் இதே வழியில் பேசுகிறது. போதைப்பொருள் பயன்பாடு உடல்நலத்துக்கும் உயிருக்கும் பெருங்கேடு விளைவிப்பது, அது கனமான குற்றம் என்று கூறும்போதே, முற்றிலும் சிகிச்சைக்காகப் பயன்படுத்துவதை அது விலக்கிவைக்கிறது (எண் 2291).

அச்சத்தால் சட்டத்தை மட்டும் இறுக்கினால் யார் பாதிக்கப்படுவார்கள் என்பதை நம் நாடே அனுபவித்திருக்கிறது. 1985-இல் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் வந்தபோது, அபினிலிருந்து எடுக்கப்படும் மார்ஃபின் மருந்துக்கும் பல உரிமங்கள் தேவைப்பட்டன. உலக மருத்துவத்துக்குச் சட்டபூர்வமாக அபின் விளைவித்துக் கொடுக்கும் நாடு நம்முடையது. ஆனாலும் நம் புற்றுநோயாளிகள் பலர் மார்ஃபின் கிடைக்காமல் வலியோடு செத்தார்கள். வலிதணிப்பு மருத்துவர்கள் பல ஆண்டுகள் போராடிய பிறகு, 2014-இல் சட்டம் திருத்தப்பட்டு வழி எளிதானது. அதே சமயம், புற்றுநோய் மருத்துவமனையில் மார்ஃபின் கொடுக்கிறார்கள் என்பதற்காகப் பெட்டிக்கடையில் அபின் விற்கலாம் என்று நம்மில் யாரும் சொல்வதில்லை. கஞ்சாவையும் இப்படியே அணுகினால் குழப்பம் தீரும். தூய்மையான மருந்து, அளந்த அளவு, பொறுப்பேற்கும் மருத்துவர், கண்காணிக்கப்படும் நோயாளி: இவை இருந்தால் அது சிகிச்சை. தெருவில் வாங்கும் பொட்டலத்தில் இவற்றில் ஒன்றும் இல்லை.

இனி இரண்டாவது கேள்வி. கடையில் விற்கலாம் என்பவர்களின் வாதங்களையும் நேர்மையாகக் கேட்க வேண்டும். மதுவை அரசே விற்கும்போது கஞ்சாவுக்கு மட்டும் ஏன் சிறை என்கிறார்கள். அமெரிக்காவில் கறுப்பினத்தவரும் வெள்ளையரும் ஏறத்தாழ ஒரே அளவில் பயன்படுத்தியும், கறுப்பினத்தவரே மூன்று மடங்குக்கும் மேலாகக் கைதானார்கள் என்று கணக்குக் காட்டுகிறார்கள். சட்டபூர்வமாக்கினால் கள்ளச் சந்தை ஒழியும், அரசுக்கு வரி வரும் என்கிறார்கள். சிறு அளவுக்காக ஓர் இளைஞனைச் சிறையில் தள்ளி அவன் வாழ்வைக் குலைப்பது சரியா என்ற கேள்வி, நீதியை விரும்பும் எந்த உள்ளத்தையும் தொடும்.

ஆனால் நடந்தது என்ன? கொலராடோவில் 2014-இல் கடைகள் திறந்தபின், பள்ளி மாணவர்களின் பயன்பாடு பலர் அஞ்சிய அளவுக்குக் கூடவில்லை. இதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் மிட்டாயாகவும் கேக்காகவும் விற்கப்பட்ட கஞ்சாவைத் தெரியாமல் தின்ற குழந்தைகள் மருத்துவமனைக்கு வருவது கூடியது. குழந்தைகளைக் கவரும் விலங்கு, பழ உருவங்களில் அவற்றைச் செய்வதைப் பிறகு தடைசெய்ய வேண்டியிருந்தது. கலிஃபோர்னியாவில் கள்ளச் சந்தை ஒழியவில்லை. வரி கட்டாத சரக்கு மலிவாகக் கிடைப்பதால் அது செழிக்கிறது. தாய்லாந்து 2022-இல் கட்டுப்பாட்டை நீக்கியது. தெருவெங்கும் கடைகள் முளைத்தன. 2025 ஜூனில், மருத்துவச் சீட்டு இருந்தால்தான் விற்கலாம் என்று பின்வாங்கியது.

செடியும் பழைய செடியாக இல்லை. அமெரிக்காவில் பிடிபட்ட கஞ்சாவில் 1995-இல் டி.எச்.சி. சுமார் 4 விழுக்காடு. 2014-இல் சுமார் 12 விழுக்காடு. பிசினிலிருந்து பிரித்தெடுத்துச் செறிவாக்கிய சரக்கில் இதைவிடப் பல மடங்கு. விற்பனை ஒரு தொழிலாகும்போது, அதிகம் வாங்குகிறவரே அந்தத் தொழிலுக்கு நல்ல வாடிக்கையாளர். அடிமையானவரே அதிகம் வாங்குவார். கஞ்சாவுக்கு யாரும் அடிமையாவதில்லை என்ற பேச்சு தவறு. பயன்படுத்துவோரில் ஏறத்தாழ பத்தில் ஒருவர், பதின்ம வயதில் தொடங்குவோரில் ஏறத்தாழ ஆறில் ஒருவர் அதைச் சார்ந்து வாழும் நிலைக்குப் போகிறார்கள் என்பது மருத்துவர்களின் கணக்கு. மூளை முழு வளர்ச்சி அடைய ஏறத்தாழ 25 வயதாகிறது. அதற்குமுன் தொடர்ந்து பயன்படுத்தினால் கவனமும் நினைவாற்றலும் பாதிக்கப்படுகின்றன. வீரியம் மிகுந்ததைத் தினமும் பயன்படுத்துவோரிடம் மனச்சிதைவு போன்ற கடும் மனநோய்கள் வரும் ஆபத்து கூடுகிறது.

2014 ஜூனில் உரோமையில் போதைத் தடுப்பு அதிகாரிகளின் பன்னாட்டு மாநாட்டினரைச் சந்தித்த திருத்தந்தை பிரான்சிஸ், போதையைப் போதையால் வெல்ல முடியாது என்றார். மென்மையானவை எனப்படும் போதைப்பொருள்களைச் சட்டபூர்வமாக்குவதும் நினைத்த பலனைத் தராது என்றார். போதைக்கு ‘இல்லை’ என்று சொல்ல வேண்டுமானால் வாழ்வுக்கும் அன்புக்கும் கல்விக்கும் விளையாட்டுக்கும் வேலைக்கும் ‘ஆம்’ என்று சொல்ல வேண்டும் என்பதையும் அவர் சேர்த்தே சொன்னார். இந்த இரண்டாம் பாதியை நாம் பல வேளைகளில் மறந்துவிடுகிறோம். எல்லாவற்றையும் செய்ய உரிமை இருந்தாலும் எல்லாம் நன்மை தருவதில்லை, எதற்கும் நான் அடிமையாக மாட்டேன் என்று புனித பவுல் கொரிந்தியருக்கு எழுதினார் (1 கொரி 6:12). சட்டம் கதவைத் திறந்துவிட்டாலும் உள்ளே போவதா என்று முடிவுசெய்வது நம் மனச்சான்று. சட்டம் கதவைப் பூட்டிவைத்தாலும், உள்ளே ஏற்கெனவே விழுந்து கிடப்பவரைத் தூக்கிவிடுவது நம் வேலை.

இங்கேதான் நம் குடும்பங்கள் ஒரு செய்தியைத் தெரிந்துகொள்ள வேண்டும். மகன் கஞ்சாவுக்கு அடிமை என்று தெரிந்தும், மருத்துவமனைக்குக் கூட்டிப்போனால் காவல்துறை வழக்கு வருமோ என்று பயந்து பெற்றோர் மறைக்கிறார்கள். நம் 1985-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 64-ஏ பிரிவு, போதைக்கு அடிமையானவர் தானாக முன்வந்து அரசு மருத்துவமனையிலோ அரசு ஏற்ற மையத்திலோ சிகிச்சை பெற்றால், பயன்படுத்திய குற்றத்துக்கும் சிறு அளவு வைத்திருந்த குற்றத்துக்கும் வழக்கிலிருந்து பாதுகாப்புத் தருகிறது. சிகிச்சையைப் பாதியில் விட்டுவிடக் கூடாது என்பது நிபந்தனை. 14446 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணில் வழிகாட்டுதல் கிடைக்கும். அக்கம்பக்கத்தார் என்ன சொல்வார்களோ என்ற வெட்கத்தைவிட மகனின் உயிர் பெரியது.

நல்ல சமாரியர் காயத்தில் எண்ணெயும் திராட்சை மதுவும் வார்த்தார் (லூக் 10:34). மது அவர் கையில் மருந்தாயிற்று. அடிபட்டவர் ஏன் அந்த வழியே போனார் என்று அவர் விசாரிக்கவில்லை. சாவடிக்குக் கொண்டுபோய்ப் பார்த்துக்கொண்டார், செலவையும் ஏற்றார், திரும்பி வருவதாகவும் சொல்லிவிட்டுப் போனார். நம் பங்கில் போதையிலிருந்து மீண்டுவர முயலும் ஒருவர் இருந்தால், இந்த வாரம் அவர் வீட்டுக்கு ஒருமுறை போய்வாருங்கள். நோயில் துடிக்கும் ஒருவர் இருந்தால், வலிதணிப்பு மருத்துவரிடம் அவரை அழைத்துச்செல்ல உதவுங்கள்.

இறைவா, மண்ணில் நீர் முளைக்கச் செய்த ஒவ்வொன்றையும் அதன் நன்மைக்காக மட்டும் பயன்படுத்தும் ஞானத்தை எங்களுக்குத் தாரும். வலியில் கிடப்பவர்களுக்கு ஆறுதலையும், போதையில் சிக்கியவர்களுக்கு விடுதலையையும், அவர்களுக்காகக் கண்ணீர் வடிக்கும் தாய்மாருக்கு நம்பிக்கையையும் அருளும். ஆமென்.