வயலில் நின்றும் அழுக்காகாத சட்டை

"இப்படத்தில் பல இனத்தவர் உள்ளனர்" என்று மட்டும் எழுதி நிறுத்தினால் நான் பாதி மதிப்பெண்தான் போடுவேன். யார், எப்படிக் காட்டப்படுகிறார்கள் என்று பார்க்கணும்.

'த மேக்னிஃபிசென்ட் செவன்' (1960) மெக்சிகோவில் எடுத்த அமெரிக்க கௌபாய் படம். அதில் வரும் மெக்சிக விவசாயிகளின் வெள்ளை உடையைக் கவனிங்க, எப்போதும் பளிச்சென்று இருக்கும். ஏன்? முன்பு அங்கே எடுத்த 'வேரா குரூஸ்' (1954) தங்கள் மக்களை இழிவுபடுத்தியதாக மெக்சிகோவில் கோபம். அதனால் இம்முறை அரசுத் தணிக்கையாளர் படப்பிடிப்புக்கே வந்து, உடை சுத்தமாக இருக்கணும் என்றார். மரியாதைக்காகக் கேட்டது நியாயம்தான். ஆனால் உழைப்பின் அழுக்கும் சேர்ந்தே காணாமல் போச்சு.

நடிகர் தேர்வு வேறு கதை. கொள்ளைத் தலைவன் கல்வேரா, புரூக்ளினில் பிறந்த எலை வாலக். மெக்சிக இளைஞன் சிக்கோ, ஜெர்மானியர் ஹார்ஸ்ட் புக்ஹோல்ஸ்!