சின்னம்மையும் பாடசாலை விலக்கு விதியும்

பலர் கூடிப் பயிலுமிடம் பாடசாலை. கூட்டத்தினாலே கல்வி வளர்வது போலக் கூட்டத்தினாலே நோயும் பரவும். ஒரே வகுப்பறையில் நாள்தோறும் பல மணி நேரம் அடுத்தடுத்து அமர்ந்திருக்கும் பிள்ளைகளிடையே தொற்றுநோயொன்று புகுமாயின், பாடசாலையையே மூடிவிடாது அதனைத் தடுத்தற்கு இரு வழிகள் உள. ஒன்று, நோயுற்ற பிள்ளையை விலக்கி வைத்தல். மற்றொன்று, நோயுறக்கூடிய பிள்ளையை விலக்கி வைத்தல். முன்னையதை எவரும் மறுப்பதில்லை. பின்னையதோ, உடல்நலத்தோடிருக்கும் பிள்ளைக்குப் பாடசாலை வாயிலை அடைப்பதாகலின், பெற்றோர் உரிமை, சமய நம்பிக்கை, அரசின் அதிகாரம் என்பன பற்றிய பெரும் வினாக்களை எழுப்புகின்றது. ஐக்கிய அமெரிக்காவிற் சின்னம்மை பரவிய காலங்களில் தடுப்பூசி பெறாத பிள்ளைகள் விலக்கப்பட்டமையும், அதன் மேலெழுந்த வழக்குகளும் இவ்வினாக்களை ஆராய்தற்குத் தக்க சான்றுகளாம்.

சின்னம்மையெனவும் கொப்புளிப்பானெனவும் வழங்கும் இந்நோய், வரிசெல்லா சொஸ்ற்றர் என்னும் வைரசினால் உண்டாவது. பெரியம்மையோடு இதற்குப் பெயரளவில் உறவுண்டேயன்றிக் கிருமியளவில் உறவில்லை. கொப்புள நீரைத் தீண்டுதலாலும் காற்றின் வழியாலும் இது தொற்றும். எதிர்ப்புச் சக்தியற்றோர் நோயாளியோடு ஒரே வீட்டில் உறைவாராயின், அவருள் நூற்றுக்கு 90 பேர் வரை நோயுறுவர். கிருமி உடலுட் புகுந்தபின் 10 முதல் 21 நாள்களுள் நோய் வெளிப்படும். கொப்புளம் தோன்றுதற்கு 1 அல்லது 2 நாள் முன்னரே நோய் பிறருக்குத் தொற்றத் தொடங்கிவிடும். கொப்புளங்கள் யாவும் வாடிப் பொருக்குக் கட்டும்வரை தொற்று நீங்காது.

பெரும்பாலான பிள்ளைகட்கு இஃது ஏறக்குறைய ஒரு வாரத் துன்பமே. ஆயினும் தோலிற் சீழ்பிடித்தல், நுரையீரல் அழற்சி, மூளை அழற்சி என்பன சிலருக்கு நேர்வதுண்டு. வளர்ந்தோர், கருவுற்ற மகளிர், புதிதாய்ப் பிறந்த சிசுக்கள், புற்றுநோய்ச் சிகிச்சையால் எதிர்ப்புச் சக்தி குன்றியோர் ஆகியோருக்கு இஃது உயிர்க்கேடாகவும் முடியும். தடுப்பூசி வழக்கிற்கு வருமுன் ஐக்கிய அமெரிக்காவில் ஆண்டுதோறும் ஏறக்குறைய 40 இலட்சம் பேர் இந்நோயால் வருந்தினர். 10,500 முதல் 13,000 பேர் வரை வைத்தியசாலைகளிற் சேர்க்கப்பட்டனர். 100 முதல் 150 பேர் வரை இறந்தனர். எளிய நோயென்று எண்ணப்பட்ட ஒன்று இத்துணை உயிர்களைக் கவர்ந்தமை கருதத்தக்கது.

இந்நோய்க்குரிய தடுப்பு மருந்தை ஆக்கியவர் யப்பானிய வைத்தியரான மிச்சியாக்கி தக்கஹாஷி என்பவர். 1964ஆம் ஆண்டில் அவருடைய மகன் சின்னம்மையாற் பெரிதும் வருந்தியமை அவரை இம்முயற்சியிற் புகுத்தியது. 1974இல் அவரும் துணைவரும் வலிகுறைக்கப்பட்ட உயிர்வைரசு மருந்தின் பயனை வெளியிட்டனர். ஐக்கிய அமெரிக்கா இதனை 1995இல் ஏற்றது. ஒருமுறை ஏற்றுதல் நோயைத் தடுப்பதில் நூற்றுக்கு 80 அளவினதாகவே அமைந்தமையால், பாடசாலைகளில் நோய் முற்றாக ஒழிந்திலது. ஆதலின் 2006இல் இரண்டாம் முறை ஏற்றலும் விதிக்கப்பட்டது. இருமுறை பெற்றோருள் நூற்றுக்கு 90 பேருக்கு மேற் காக்கப்படுகின்றனர்.

இனி, விதியின் இயல்பை நோக்குவாம். நோயுற்ற பிள்ளையை மட்டும் விலக்குதல் ஏன் போதாது? கொப்புளம் தோன்றுமுன்னரே தொற்றுத் தொடங்குதலின், நோயாளியை இனங்கண்டு வீட்டிற்கு அனுப்பும்போது வகுப்பிற் பலர் கிருமியை ஏற்றிருப்பர். அவருள் யார் ஏற்றார், யார் ஏற்றிலர் என்பதை அந்நாளில் எவராலும் அறிதல் இயலாது. எனவே, காப்பற்ற அனைவரையும் கிருமி வெளிப்படக்கூடிய காலம் முழுவதும் விலக்குகின்றனர். அக்காலத்தின் மேலெல்லை 21 நாள். கடைசி நோயாளிக்குக் கொப்புளம் கண்ட நாளிலிருந்து இந்த 21 நாளும் கணிக்கப்படும்.

இக்கணக்கின் கடுமை மேலோட்டமாக நோக்குவார்க்குப் புலப்படாது. மார்ச்சு 1ஆந் திகதி கடைசி நோயாளிக்குக் கொப்புளம் கண்டதாயின், விலக்கு மார்ச்சு 22 வரை நீடிக்கும். மார்ச்சு 16இல் இன்னொருவர் நோயுறின், எண்ணிக்கை மீண்டும் முதலிலிருந்து தொடங்கி ஏப்பிரல் 6 வரை செல்லும். இவ்வாறு ஒரு நோயாளியின் பின் மற்றொருவர் தோன்றத் தோன்ற, மூன்று வாரமெனக் கூறப்பட்ட விலக்கு ஒரு தவணை முழுவதையும் விழுங்கிவிடல் கூடும். தடுப்பூசி பெறாதோர் மிகுந்த பாடசாலையிலேயே இச்சங்கிலி நீளுமாதலின், விதியின் சுமையும் ஆங்கேதான் மிகுதி.

ஆயின், வாயில் முற்றாக அடைக்கப்படுவதில்லை. தடுப்பூசி பெற்றமைக்குச் சான்று காட்டுவோரும், முன்னர் இந்நோய் வந்ததென்பதை வைத்தியர் உறுதிசெய்யப் பெற்றோரும், இரத்தப் பரிசோதனையால் எதிர்ப்புச் சக்தி நிறுவப்பட்டோரும் விலக்கிற்கு உட்படார். நோய் பரவத் தொடங்கியபின் தடுப்பூசி ஏற்றிக்கொள்வோரும் பாடசாலைக்கு மீளலாம். நோயாளியோடு பழகிய 3 முதல் 5 நாள்களுள் ஏற்றப்படும் மருந்து, நோயைத் தடுக்கவோ அதன் வன்மையைக் குறைக்கவோ வல்லது.

2018ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் வட கரோலினா மாநிலத்தின் அஷ்வில் நகரத்துத் தனியார் பாடசாலையொன்றில் 36 மாணவர் சின்னம்மையுற்றனர். அப்பாடசாலையின் 152 மாணவருள் 110 பேர் இந்நோய்க்குரிய தடுப்பூசி பெறாதவர். அடுத்த ஆண்டில் கென்றக்கி மாநிலத்தின் வால்ற்றன் நகரத்துக் கத்தோலிக்கப் பாடசாலையொன்றில் 32 பேர் வரை நோயுற்றனர். சுகாதாரத் திணைக்களம் முதலிற் புறவிளையாட்டுகளை நிறுத்தியது. பின்னர் மார்ச்சு மாதத்திற் காப்பற்ற மாணவர் அனைவரையும் விலக்கிற்று. அவருள் ஒருவர், தம் சமய நம்பிக்கைக்கு மாறாகத் தாம் வற்புறுத்தப்படுவதாக வழக்குத் தொடுத்தார். கருச்சிதைவுற்ற சிசுவின் உயிரணுக்களின் வழிவந்த உயிரணுக்களில் அம்மருந்து வளர்க்கப்படுகின்றது என்பது அவர் கூறிய தடை. 2019 ஏப்பிரல் 2ஆந் திகதி, விலக்கை இடைநிறுத்த நீதிமன்று மறுத்தது. அக்காலை அம்மாநில ஆளுநராயிருந்த மற் பெவின் என்பவர், தம் ஒன்பது பிள்ளைகளையும் வேண்டுமென்றே நோயாளிப் பிள்ளையொருவரிடம் பழகவிட்டு நோயுறச் செய்ததாக வானொலிப் பேட்டியிற் கூறினார். ஆட்சித் தலைவரொருவரே இங்ஙனங் கூறுமளவிற்கு இந்நோய் எளிதாகக் கருதப்பட்டது.

சமயத் தடையின் உண்மையை ஆராய்தல் வேண்டும். மருந்தை வளர்த்தற்குப் பயன்படும் இரு உயிரணு வழிகளும் 1960களிற் பெறப்பட்டவை என்பது மெய்யே. எனினும், கத்தோலிக்கத் திருச்சபையின் உயிரியற் பேரவை 2005இல் இதனை ஆராய்ந்து, வேறு மருந்து இல்லாவிடத்துப் பிள்ளைகளையும் சமூகத்தையும் காக்கும்பொருட்டு இத்தகைய மருந்துகளை ஏற்றுக்கொள்ளலாமெனக் கூறியது. ஆயினும், பேரவையின் முடிபு ஒருவரது மனச்சாட்சியைக் கட்டுப்படுத்திவிடாது. ஆகவே வினா நீதிமன்றுகளையே சார்ந்தது.

அமெரிக்க நீதிமன்றுகள் இதற்கு அடிப்படையாகக் கொள்வது 1905ஆம் ஆண்டின் யேக்கப்சன் வழக்கு. பெரியம்மை பரவியபோது மசச்சூசெற்ஸ் மாநிலத்தின் கேம்பிறிட்ச் நகரத்தில் தடுப்பூசியை மறுத்த ஒருவருக்கு 5 டொலர் தண்டம் விதிக்கப்பட்டது. உயர்நீதிமன்று அத்தண்டத்தை உறுதிப்படுத்தியது. 1922இல், தடுப்பூசி பெறாத பிள்ளையைப் பாடசாலையிற் சேர்க்க மறுத்த ரெக்சாஸ் மாநில நகரமொன்றின் விதியும் ஏற்கப்பட்டது. 2015இல் நியூயோர்க் வழக்கொன்று சின்னம்மையையே நேராகப் பற்றியது. சமய காரணத்தால் தடுப்பூசியினின்று நீக்கம் பெற்றிருந்த பிள்ளைகளை, உடன்பயிலும் மாணவரொருவர் சின்னம்மையுற்றபோது பாடசாலை விலக்கியது. பிள்ளைக்குத் தடுப்பூசியையே முற்றாகக் கட்டாயப்படுத்தும் அதிகாரம் மாநிலத்திற்கு உண்டாயின், நோய்க்காலத்தில் மட்டும் விலக்குதல் அதனினும் எளியதன்றோ என்பது மேன்முறையீட்டு நீதிமன்றின் நியாயம். பின்னர் 2019இற் சின்னமுத்து நோய் பெருகியதையடுத்து, நியூயோர்க் மாநிலம் சமய நீக்கத்தையே அகற்றிவிட்டது.

விதியை மறுப்போரின் மற்றொரு வாதமும் தள்ளத்தக்கதன்று. தடுப்பூசி பெற்றோரும் சிலவேளை நோயுற்றுப் பிறருக்குத் தொற்றவிடுகின்றனர். அவரை விடுத்து ஏனையோரை மட்டும் விலக்குதல் எவ்வாறு நடுவுநிலையாகும் என அவர் வினவுவர். விடை அளவைப் பற்றியது. தடுப்பூசி பெற்றபின் நோயுறுவோருக்குப் பெரும்பாலும் 50இற்கும் குறைந்த கொப்புளங்களே தோன்றும்; அத்தகையோர் தொற்றவிடும் ஆற்றல், தடுப்பூசி பெறாத நோயாளியின் ஆற்றலில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கே. மேலும், அவரும் நோயுற்றவுடன் விலக்கப்படுவர்.

இவ்விதி முதற்கண் யாரைக் காக்கின்றது? பலர் நினைப்பதுபோலத் தடுப்பூசி பெற்ற பிள்ளைகளையன்று. விலக்கப்படும் பிள்ளையையே அது நோயினின்று காக்கின்றது. அடுத்து, இரத்தப் புற்றுநோய்க்கு மருந்துண்டு, தடுப்பூசியை ஏற்க இயலாத நிலையில் அதே வகுப்பிலிருக்கும் பிள்ளையைக் காக்கின்றது. தடுப்பூசியை மறுக்கும் பெற்றோருக்குத் தெரிவு உண்டு. அப்பிள்ளையின் பெற்றோருக்கோ தெரிவே இல்லை. தன் பிள்ளை பாடசாலைக்கு வருதற்கு மற்றையோரது காப்பையே அத்தாய் நம்பியிருக்கின்றாள்.

இலங்கையின் நிலை வேறு. இங்குச் சின்னம்மை அறிவிக்கப்பட வேண்டிய நோய்களுள் ஒன்று. ஆயினும் அதற்குரிய தடுப்பூசி தேசிய நோய்த்தடுப்பு அட்டவணையிற் சேர்க்கப்படவில்லை. விரும்புவோர் பணங்கொடுத்தே பெறுகின்றனர். நோயுற்றவரைத் தனியறையில் வைத்து, வாயிலில் வேப்பிலை செருகும் நம்மவர் வழக்கம் நோயாளியை விலக்கும் முறையேயன்றி, நோயுறக்கூடியவரை விலக்கும் முறையன்று. அரசு ஊசியை வழங்காத நாட்டிற் காப்பற்ற பிள்ளையை விலக்குதல், வறியவரை வறுமைக்காக ஒறுத்தலாகவே முடியும். ஐக்கிய அமெரிக்காவில் 1994 முதல் வசதியற்ற பிள்ளைகட்கு இலவசமாகத் தடுப்பூசி வழங்கும் திட்டம் நடைபெறுகின்றமையை இவ்விடத்து நினைத்தல் தகும்.

எனவே, விலக்கு விதி நீதியுடையதாதற்குச் சில நிபந்தனைகள் வேண்டும். தடுப்பூசி யாவர்க்கும் எட்டுவதாயிருத்தல் வேண்டும். விலக்கும் அதிகாரம் அதிபரின் விருப்பையன்றிச் சுகாதார அதிகாரியின் ஆணையைச் சார்ந்திருத்தல் வேண்டும். காலவெல்லையும் மீளும் வழியும் பெற்றோருக்கு முன்கூட்டியே அறிவிக்கப்படல் வேண்டும். விலக்கப்பட்ட பிள்ளைக்குப் பாடங்கள் வீடு சென்று சேர்தல் வேண்டும். ஏனெனில் தீர்மானம் பெற்றோருடையது, இழப்போ பிள்ளையினுடையது. இந்நிபந்தனைகள் நிறைவேறியபின் வாயிலை அடைக்கும் பாடசாலை, கல்வியை மறுக்கும் பாடசாலையன்று. அனைவரும் அச்சமின்றி மீண்டும் கூடும் நாளை விரைவுபடுத்தும் பாடசாலையேயாம்.