பரீட்சைக்குப் போன பிள்ளை பத்திரமாய்த் திரும்பணும்!

நல்லூர், மார்ச்-

பரீட்சை வந்துவிட்டது.

நல்லூர் வட்டாரத்தில் பஸ் ஸ்டாப், டீக்கடை, சலூன், எங்கே போனாலும் ஒரே பேச்சுதான். "உங்க பையன் பிளஸ் டூவா? எந்த சென்டர்? கணக்கு எப்படிப் போடுவான்?"

கேள்வித்தாள் கஷ்டமா, சுலபமா என்று ஊரே கவலைப்படுகிறது. போலீஸ் ஸ்டேஷனுக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடையாய் நடக்கிற நிருபருக்கு வேறு கவலை.

பரீட்சை ஹாலுக்குள்ளே பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆவதில்லை. ஃபேன் ஓடாது, பெஞ்சு ஆடும், அவ்வளவுதான். ஆவதெல்லாம் ஹாலுக்கு வெளியே. ராத்திரியில், ரோட்டில், கிணற்றங்கரையில், மார்க் வந்த வீட்டில்.

அந்த இடத்தில் எல்லாம் வாத்தியார் இருக்கமாட்டார். நீங்கள்தான் இருப்பீர்கள். பஸ்சில் போகிறவர், கடை வைத்திருப்பவர், ஆபீஸ் குமாஸ்தா. ஆகவே இது மாணவர்களுக்குச் சொல்லும் புத்திமதி அல்ல. அவர்கள் அதை வேண்டிய மட்டும் கேட்டாகிவிட்டது. இது பெரியவர்களுக்கு.

தூக்கம் போச்சு!

"எங்க பையன் விடிய விடியப் படிக்கிறான்" என்று சொல்லிக்கொள்வதில் அப்பாக்களுக்கு ஒரு பெருமை. அம்மா பிளாஸ்க்கில் டீ போட்டு வைத்துவிட்டுப் படுக்கிறார்.

இதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை. 13 வயதிலிருந்து 18 வயது வரை உள்ள பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்கிறது மருத்துவம். பகலில் படித்ததை மூளை அடுக்கி வைப்பது தூங்கும்போதுதான். தூங்காமல் படித்தால், ஓட்டைச் சட்டியில் தண்ணீர் ஊற்றிய மாதிரி.

விருத்தாசலத்தில் பீங்கான் சுடுகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். சூளையை அணைத்த கையோடு திறந்தால் சாமான் விரிசல் விட்டுப்போகும். அது மெல்ல மெல்ல ஆற வேண்டும். சுடுகிற நேரம் மாதிரியே ஆறுகிற நேரமும் கணக்கில் சேர்ந்தது. பொம்மைக்கே அப்படி!

பரீட்சைக்கு முந்தின ராத்திரி 10 மணிக்கு விளக்கை அணையுங்கள். கைபேசி வேறு அறையில் இருக்கட்டும். அப்பாவின் கைபேசியும்தான்.

மருந்துக்கடைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. "தூக்கம் வராம இருக்க ஏதாவது மாத்திரை இருக்கா அண்ணே?" என்று கேட்டுப் பையன்கள் வருவார்கள். டாக்டர் சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாத சரக்கு அது. இரண்டு மாத்திரை லாபத்தில் யாரும் மாடி கட்டப்போவதில்லை. இல்லை என்று சொல்லி அனுப்புங்கள்.

இன்னொரு சங்கதி, நம் பக்கத்துக்கே உரியது. வீட்டில் சத்தம், இடம் இல்லை என்று பிள்ளைகள் களத்துமேட்டிலும் முந்திரித் தோப்பிலும் போய்ப் படிக்கிறார்கள். காய்ந்த சருகு கிடக்கும் இடம் பாம்புக்கும் பிடித்த இடம். இருட்டுவதற்கு முன்னால் வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். கடித்துவிட்டால் கயிறு இறுக்கிக் கட்டுவது, பிளேடால் கீறுவது, வாய் வைத்து உறிஞ்சுவது எல்லாம் கூடாது. கடிபட்ட கையையோ காலையோ ஆட்டாமல் வைத்து, 108-க்குப் போன் போட்டு, நேரே அரசு ஆஸ்பத்திரி. மந்திரிக்கப் போன நேரத்தில் மருந்து ஏறியிருக்கும்.

மைக் செட் அலறுது!

மாசி போய் பங்குனி வருகிறது. மாசி மகத்துக்கு விருத்தாசலம் மணிமுத்தாற்றங்கரை நிரம்பி வழியும். அதைத் தொட்டு ஊர் ஊருக்குத் திருவிழா, காதுகுத்து, மஞ்சள் நீர், கல்யாணம். எல்லாவற்றுக்கும் மைக் செட். விடியற்காலை 4 மணிக்கே ஆரம்பித்துவிடுகிறது.

திருவிழா வேண்டாம் என்று யார் சொன்னது? சாமிக்குக் காது நன்றாகவே கேட்கும். சத்தத்தைக் குறைத்தாலும் கேட்கும்.

சட்டமும் இருக்கிறது. 2000-ம் ஆண்டு வந்த ஒலி மாசு விதிகளின்படி ராத்திரி 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது. 2005 ஜூலையில் சுப்ரீம் கோர்ட்டும் இதை உறுதி செய்து தீர்ப்புச் சொன்னது. குடியிருப்புப் பகுதியில் சத்தம் பகலில் 55 டெசிபல், ராத்திரியில் 45 டெசிபல், அதற்கு மேல் போகக் கூடாது. பள்ளிக்கூடத்தையும் ஆஸ்பத்திரியையும் சுற்றி 100 மீட்டருக்கு அமைதி மண்டலமாகவே அறிவிக்கலாம். வருஷத்தில் சில நாள் நள்ளிரவு வரை விதிவிலக்கு கொடுக்க அரசுக்கு அதிகாரம் உண்டு. எல்லா நாளும் விதிவிலக்கு என்பது நம் ஊர் கண்டுபிடிப்பு.

ஒரு தெருவுக்குப் பத்து வீட்டில் பரீட்சைப் பிள்ளைகள். ஆனால் "நாம ஏன் போய் சொல்லி, வம்பு" என்று பத்து அப்பாவும் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். பத்துப் பேரும் சேர்ந்து விழாக் கமிட்டிக்காரரிடம் போய், "அண்ணே, பரீட்சை முடியிற வரைக்கும் ராத்திரி பத்துக்கு நிறுத்திடுங்க" என்று கேட்டால் மாட்டேன் என்பவர் குறைவு. அவர் வீட்டிலும் ஒரு பிள்ளை படிக்கும். கேட்டும் நிற்கவில்லை என்றால் 112. அழைத்தவர் பெயரை மைக்கில் சொல்ல மாட்டார்கள்.

வெறும் வயிறு, தொங்கும் கால்

காலையில் பையன் சாப்பிடாமல் ஓடுகிறான். ஹாலில் மயக்கம். இட்லியோ, பழைய சோறும் தயிருமோ, எது வழக்கமோ அது போதும். புதிதாய் டானிக், பாதாம் பவுடர் என்று அன்றைக்குப் போய்ப் பரிசோதனை செய்யாதீர்கள். கையில் ஒரு தண்ணீர் பாட்டில்.

பரீட்சை 10 மணிக்கு. முதல் 10 நிமிஷம் கேள்வித்தாளைப் படிக்க, அடுத்த 5 நிமிஷம் விவரம் நிரப்ப, 10.15-க்குத்தான் எழுத ஆரம்பம். இது தெரிந்தும் கடைசி பஸ்சைப் பிடித்துப் படிக்கட்டில் தொங்குகிறார்கள்.

2012 டிசம்பர் 10-ந் தேதி சென்னை பழைய மகாபலிபுரம் ரோட்டில் பெருங்குடி பக்கம் நடந்ததை மறந்திருக்கமாட்டீர்கள். பஸ் படிக்கட்டில் தொங்கிய மாணவர்கள் மேல் லாரி உரசி, 4 பேர் உயிர் போயிற்று. தமிழ்நாடே பதறியது. ஐகோர்ட்டே தானாக முன்வந்து விசாரித்தது. இன்றைக்கும் காலை 8 மணி பஸ்சைப் பாருங்கள். அதே தொங்கல்.

பஸ்சுக்குள்ளே நடுவில் இடம் இருக்கும். பெரியவர்கள் படிக்கட்டு ஓரத்திலேயே நின்றுகொண்டு "நான் அடுத்த ஸ்டாப்பு" என்பார்கள். அடுத்த ஸ்டாப்பு ஆறு கிலோமீட்டர்! கொஞ்சம் உள்ளே நகர்ந்தால் நான்கு பையன்கள் ஏறிவிடுவார்கள். கண்டக்டர் அண்ணன்மாரும் இந்த மூன்று வாரத்துக்குப் பரீட்சைப் பிள்ளைகளை விட்டுவிட்டு விசில் ஊதவேண்டாம்.

"பஸ் வேண்டாம், பைக்கை எடுத்துட்டுப் போடா" என்று சாவி கொடுக்கிற அப்பாவுக்கு: 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தில், 18 வயது நிரம்பாத பிள்ளை வண்டி ஓட்டிக் குற்றம் நடந்தால் பெற்றவருக்கோ வண்டிச் சொந்தக்காரருக்கோ 3 வருஷம் வரை ஜெயில், 25 ஆயிரம் ரூபாய் அபராதம். வண்டியின் பதிவும் ஒரு வருஷத்துக்கு ரத்து. ஒரு வண்டியில் மூன்று பேர், பின்னால் உட்கார்ந்தவன் கையில் விரித்த புத்தகம். இந்தக் காட்சியை தினமும் பார்க்கிறோம்.

"கேள்வித்தாள் இருக்கு, பணம் அனுப்பு" என்று கைபேசியில் வரும் சேதி மோசடி. ஏமாந்தவர்கள் 1930-க்கு உடனே போன் போடலாம். இதற்கு மேல் அந்தப் பயல்களைப் பற்றி எழுதி இடத்தை வீணாக்க வேண்டாம்.

கடைசி நாள்

பரீட்சை முடிகிற அன்றைக்குத்தான் பயமே. சட்டையில் இங்க் அடித்துக்கொள்வார்கள், கட்டிப்பிடித்து அழுவார்கள். அது போகட்டும். அப்புறம் "வாடா, குளிக்கப் போகலாம்" என்று ஒரு குரல் கிளம்பும். கிணறு, ஏரி, குவாரிக் குட்டை, ஆற்றில் மணல் எடுத்த பள்ளம். நீச்சல் தெரிந்தவன் ஒருவன், தெரியாதவர்கள் ஐந்து பேர்.

நம் கடலூர் மாவட்டத்திலேயே 2022 ஜூன் 5-ந் தேதி, நெல்லிக்குப்பம் பக்கம் குச்சிப்பாளையத்தில் கெடிலம் ஆற்றில் குளிக்கப் போன 7 பெண்கள் தடுப்பணைப் பக்கத்துப் பள்ளத்தில் மூழ்கி இறந்தார்கள். சின்னப் பெண்கள். ஒருத்தியைக் காப்பாற்ற ஒருத்தி போய், அப்படியே எல்லோரும். பார்க்கத் தண்ணீர் இடுப்பளவு மாதிரிதான் தெரியும். அடியில் பள்ளம் எங்கே என்று யாருக்கும் தெரியாது.

கிணற்றுக்குச் சொந்தக்காரர்கள் அந்த ஒரு வாரம் மோட்டார் கொட்டகைப் பக்கம் ஒரு கண் வைத்திருங்கள். கயிறும் காலி பிளாஸ்டிக் குடமும் அங்கேயே கிடக்கட்டும். மூழ்குகிறவனுக்கு அவற்றை வீசுங்கள், வேட்டியை நீட்டுங்கள். நீந்தத் தெரியாதவர் பின்னாலேயே குதித்தால் கணக்கு இரண்டாகும்.

ரிசல்ட் வந்த வீடு

ஒரு காலத்தில் ரிசல்ட் பத்திரிகையில்தான் வரும். சாயங்காலப் பேப்பருக்கு பஸ் ஸ்டாண்டில் அடிதடி. பொடி எழுத்தில் நம்பரைத் தேடி, இல்லை என்றால் பேப்பரையே கசக்கி எறிவார்கள். இப்போது கைபேசிக்கே வந்துவிடுகிறது. பையன் தனியாய் இருக்கும்போது வருகிறது. அதுதான் ஆபத்து. அன்றைக்கு மட்டும் ஆபீசுக்கு லீவு போடுங்கள். கடைக்காரர் ஒரு வேளை கடையைச் சாத்தலாம். பிள்ளையோடு வீட்டில் இருங்கள்.

பெயிலான பிள்ளையைப் பற்றி மட்டும் பயந்தால் போதாது. பக்கத்து அரியலூர் மாவட்டம் குழுமூர் அனிதா பிளஸ் டூவில் 1,200-க்கு 1,176 எடுத்த பெண். டாக்டர் ஆகும் கனவு நீட் தேர்வில் உடைந்து, 2017 செப்டம்பர் 1-ந் தேதி அவரை இழந்தோம். நன்றாய்ப் படிக்கிற பிள்ளை தாங்கிக்கொள்ளும் என்று யாரும் சும்மா இருந்துவிட வேண்டாம்.

பக்கத்து வீட்டுப் பெண் எவ்வளவு, மாமன் மகன் எவ்வளவு என்ற கேள்விகளை அன்றைக்கு யாரும் கேட்கவேண்டாம். மாநில முதல் ரேங்க், இரண்டாம் ரேங்க் என்று அறிவிப்பதை அரசே 2017-ல் நிறுத்திவிட்டது. நம் தெருவில்தான் இன்னும் நிறுத்தவில்லை.

சாப்பிடாமல், பேசாமல், தன் சாமான்களை எல்லாம் பிறருக்குக் கொடுத்துக்கொண்டு, "நான் இல்லாட்டி உங்களுக்கு நிம்மதி" என்று பேசும் பிள்ளையைத் தனியே விடாதீர்கள். "சாகணும்னு தோணுதா தம்பி?" என்று நேரடியாகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாய் வந்துவிடாது. மனம் விட்டுப் பேசத்தான் வழி கிடைக்கும்.

வயலுக்கு வாங்கிய பூச்சி மருந்து வீட்டில் இருந்தால் பூட்டி, சாவியை இடுப்பில் முடிந்துகொள்ளுங்கள். காட்டுமன்னார்கோயில் பக்கத்துக் கிராமங்களில் பூச்சி மருந்தை வீட்டில் வைக்காமல், பொதுவான இடத்தில் பெட்டி பெட்டியாய்ப் பூட்டி வைக்கும் ஏற்பாட்டைச் செய்து பார்த்தார்கள். செய்தவர்கள் டாக்டர் லட்சுமி விஜயகுமார் குழுவினர். 1986-ல் சென்னையில் சிநேகா அமைப்பைத் தொடங்கியவர் அவர்.

பெயில் ஆனவர்களுக்கு உடனே மறுபடி பரீட்சை வைக்கவேண்டும் என்று வாதாடியவர்களிலும் அவர் ஒருவர். முன்பெல்லாம் மார்ச்சில் கோட்டை விட்டால் செப்டம்பர், அக்டோபர் வரை காத்திருக்கணும். அதற்குள் காலேஜ் அட்மிஷன் முடிந்து ஒரு வருஷம் போச்சு. கூடப் படித்தவன் காலேஜ் போவான், இவன் வீட்டுத் திண்ணையில். இப்போது அப்படி இல்லை. மே மாதம் ரிசல்ட், ஜூன், ஜூலைக்குள் துணைத் தேர்வு, அதே வருஷம் காலேஜ். விண்ணப்பம் போட, படித்த பள்ளிக்கூடத்துக்கே போனால் போதும்.

இன்னும் எத்தனை பெற்றோருக்கு இது தெரியாது என்று பார்த்தால் ஆச்சரியமாய் இருக்கிறது. "ஒரு வருஷம் போச்சே" என்று தலையில் அடித்துக்கொள்கிறார்கள். போகவில்லை ஐயா, ஒரு மாதம்தான் போகிறது.

பத்தாவது முடித்தவனுக்கு பிளஸ் டூ ஒன்றே வழி என்றும் இல்லை. செராமிக் டிப்ளமோ சொல்லிக்கொடுக்கும் அரசு பயிலகம் விருத்தாசலத்திலேயே இருக்கிறது. ஐ.டி.ஐ.யில் 8-ம் வகுப்புப் படித்தவர்களுக்குக்கூட சில தொழில்கள் உண்டு.

பிள்ளையோ பெற்றவரோ ராத்திரி எந்த நேரத்திலும் பேச நம்பர்: 14416. மருத்துவ ஆலோசனைக்கு 104. படிப்பு, பரீட்சை விவரத்துக்கு 14417. சின்னப் பிள்ளைகளுக்கு 1098. கத்தரித்து, காலண்டர் பக்கத்தில் ஒட்டி வையுங்கள்.